வடக்குப் பார்த்த காரிடாரில் மல்லி பூக்குமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஈசூனில் பத்தாவது மாடியில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, வடக்குப் பார்த்த காரிடார். வாசல் சுவரோரம் வைத்த குண்டுமல்லி இரண்டு வருடமாகக் கொடியும் இலையுமாகத் தழைக்கிறதே தவிர, ஒரு மொட்டு கூட வைக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "இது ஆண் மல்லி, தூக்கிப் போடு" என்கிறார். தூக்கிப் போடலாமா? கனகாம்பரம், ரோஜா, ஆர்க்கிட் எல்லாம் அந்த இடத்தில் வருமா?

தூக்கிப் போடாதீர்கள். மல்லியில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே பூவுக்குள் இரண்டும் இருக்கும். பூக்காத செடியை "ஆண்" என்று சொல்வது ஊர்ப் பழக்கம், அவ்வளவுதான். உங்கள் செடிக்கு நோயும் இல்லை. அதற்கு வெயில் போதவில்லை. போதாத வெயிலில் நீங்கள் உரத்தையும் போட்டு வளர்க்கிறீர்கள், அதனால் இலையாகவே ஓடுகிறது.

சிங்கப்பூரில் தொட்டிச் செடி வளர்க்கும் நம்மவர்கள் எல்லாரும் முதலில் செடியை வாங்கிவிட்டு, அப்புறம் இடம் தேடுகிறார்கள். ஊரில் வாசலைத் தாண்டினால் வெயில்தான், அதனால் அது சரிப்பட்டு வந்தது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது இடம். அந்த இடத்தில் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பது தெரிந்துவிட்டால், எந்தச் செடி என்பது பாதி முடிவாகிவிடும்.

வெளிச்சம் வேறு, நேர் வெயில் வேறு. காரிடார் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் தொட்டி இருக்கிற இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். தரையில் கையின் நிழல் ஓரம் கூர்மையாக விழுந்தால்தான் நேர் வெயில். மங்கலாக விழுந்தால் அது வெறும் வெளிச்சம். ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணியிலிருந்து மாலை 6 வரை, மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே கடிகாரம் சூரியனுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. 7 மணிக்குத்தான் விடிகிறது, மதியம் 1 மணி வாக்கில்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது. 12 மணி வெயிலை உச்சி வெயில் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் வடக்குப் பார்த்த காரிடார். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. அதனால் சூரியன் ஏறக்குறைய ஆறு மாதம் நம் தலைக்கு வடக்கேயும் ஆறு மாதம் தெற்கேயும் போகும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி தாண்டும்வரை வடக்குப் பக்கம் வெயில் உண்டு. ஜூன் மாதத்தில்தான் அதிகம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை துளி நேர் வெயில் விழாது. தெற்குப் பார்த்தவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். கிழக்குப் பார்த்தவர்களுக்கு வருடம் முழுக்கக் காலை வெயில் 10, 11 மணி வரை கிடைக்கும், அதுதான் செடிகளுக்கு யோகமான திசை. மேற்கு என்றால் பிற்பகல் வெயிலோடு சுவரின் சூடும் சேர்ந்துகொள்ளும். பூக்கும், ஆனால் தண்ணீரில் கவனம் வேண்டும்.

அப்படியானால் ஜூனிலாவது பூத்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். உங்கள் தொட்டி இருப்பது வீட்டுச் சுவரோரம், தரையில். எதிரே இடுப்புக்கு மேல் உயரமுள்ள கான்கிரீட் கைப்பிடிச் சுவர். மேலே அடுத்த மாடியின் தளம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள திறப்பு வழியாகத்தான் வெயில் உள்ளே வர வேண்டும். ஜூன் மாத நண்பகலில் சூரியன் 68 டிகிரி உயரத்தில் நிற்கும். அவ்வளவு செங்குத்தான வெயில் கைப்பிடிச் சுவரை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்கு மேல் உள்ளே வராது, அதுவும் சுவரின் மேல் விளிம்பு உயரத்தில்தான். கீழே இறங்க இறங்கச் சுவரின் நிழல். ஆக, அதே காரிடாரில் ஒரு கை தூரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, உங்கள் மல்லி நிழலில் உட்கார்ந்திருக்கிறது.

எனவே கைப்பிடிச் சுவரை ஒட்டி உறுதியான இரும்பு ஸ்டாண்டு போட்டு, தொட்டியின் வாய் சுவரின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயும் இலைகள் விளிம்புக்கு மேலேயும் வருகிற மாதிரி தூக்கி வையுங்கள். சுவரின் மேலேயே வைப்பது கூடவே கூடாது. மாடியிலிருந்து பொருள் விழுந்தால் கீழே நடப்பவர் உயிர் போகும், சட்டமும் அதைச் சும்மா விடாது. இன்னொன்று, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏறி விளையாடுகிற வயதில் குழந்தை இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். ஸ்டாண்டு அதற்குப் படிக்கட்டாகிவிடும். மல்லி இல்லாவிட்டால் தேக்கா சந்தையில் பூச்சரம் வாங்கிக்கொள்ளலாம்.

காரிடாரில் ஆள் போய் வர 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஸ்ட்ரெச்சர் போகிற வழி அது. டேப் வைத்து அளந்துவிட்டு ஸ்டாண்டு வாங்குங்கள்.

சரி, வெயில் கிடைத்தாயிற்று. அடுத்தது கத்தரிக்கோல் வேலை. குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கொடி எவ்வளவு நீளம் போனாலும் பயனில்லை. தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, மார்ச்சிலிருந்து பூப்பறிப்பார்கள். அந்தக் காலக்கணக்கு இங்கே உதவாது, குறிப்பாக உங்களுக்கு. நீங்கள் மார்ச் கடைசியில், வெயில் உங்கள் பக்கம் திரும்பும் நேரத்தில், எல்லாக் கொடியையும் பாதியாகக் குறைத்து வெட்டுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, உள்பக்கமாகப் பின்னிக்கொண்ட குச்சி எல்லாம் அடியோடு போகட்டும். மிச்சமிருக்கும் இலைகளில் கீழ்ப்பக்கத்தில் உள்ளவற்றை உருவிவிடலாம். இரண்டு வாரத்தில் கணுக்களில் துளிர் கிளம்பும், ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் நுனியில் மொட்டு தெரியும். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் பூத்த நுனியை இரண்டு கணு கீழே வெட்டினால் அடுத்த சுற்று வரும். செப்டம்பர் வரை இப்படியே ஓட்டலாம். அதற்குப் பிறகு செடியைத் தொந்தரவு செய்யாமல், உரம் போடாமல், மண் மேலாகக் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் விட்டு வைத்திருங்கள்.

உரப் பையில் மூன்று எண்கள் போட்டிருக்கும். முதல் எண் இலைக்கு. அது பெரிதாக உள்ள உரத்தைத்தான் நீங்கள் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீரைக்கு அது சரி. பூச்செடிக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பெரிதாக உள்ளதை வாங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் மணி உரத்தில் மூன்று மாதம் வரும் என்று எழுதியிருந்தாலும், நம் சூட்டுக்கு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை, அன்றன்றைக்கு ஊற்றிவிட்டால். வாழைப்பழத் தோலை வாரக்கணக்கில் ஊற வைக்கும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பழ ஈ வரும், பக்கத்து வீட்டுக்காரர் வருவார், பூ வராது.

இந்த ஊரில் பருவம் என்பது மாதக் கணக்கில் இல்லை, காய்ந்த நாட்களும் மழையும் மாறி வருவதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பல செடிகளின் போக்கு பிடிபடும். சாலையோரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் மரம் முழுக்கப் பூத்து, "சிங்கப்பூர் சக்குரா" என்று எல்லாரும் படம் எடுப்பார்களே, அந்த டபேபுயா பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் பூக்கும். காய்ந்த நாட்கள் போய் மழை விழுந்ததும் அது பொங்கிக்கொண்டு வரும். தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட்டின் கணக்கு இன்னும் துல்லியம். நல்ல இடிமழையில் வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் தீவு முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும், அன்று மாலையே வாடிவிடும். மழைக்கு மறுநாள் காலண்டரில் குறித்து வைத்துப் பாருங்கள், ஏமாற்றாது.

காகிதப்பூவும் இதே ரகம்தான். நம் மேம்பாலங்களின் இரு பக்கமும் ஒடுங்கிய தொட்டிகளில் அது கொத்துக் கொத்தாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் மண், நாள் முழுக்க வெயில், அடிக்கடி தாகம். இந்த மூன்றும்தான் ரகசியம். பெரிய தொட்டியில் வைத்து தினமும் தண்ணீர் ஊற்றினால் முள்ளும் இலையும்தான் கிடைக்கும். இலை லேசாகத் தொங்கும்வரை காயவிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். உங்கள் வடக்குக் காரிடாருக்கு இது வேண்டாம், தெற்கிலோ மேற்கிலோ பால்கனி இருக்கிற சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது கனகாம்பரம். மல்லி அளவுக்கு வெயில் கேட்காது. காலையில் இரண்டு மணி நேரச் சாய்வு வெயிலும், மீதி நேரம் நல்ல வெளிச்சமும் இருந்தாலே கதிர் வைத்துவிடும். மழைச் சாரல் நேராக அடிக்காத காரிடார் அதற்கு உண்மையில் வசதி. நர்சரியில் கிடைப்பது பெரும்பாலும் ஆரஞ்சு, எப்போதாவது மஞ்சள். ஒரே ஒரு செடி வாங்கினால் போதும், பெருக்குவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூத்து முடிந்த கதிர் பழுப்பாகக் காய்ந்ததும் ஒடித்து ஒரு அகலக் கிண்ணத்தில் போட்டு, மேலே மெல்லிய துணியை மூடி, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சில நொடிகளில் டப் டப்பென்று காய்கள் வெடித்து விதை துணியில் மோதும். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள். தட்டையான, பழுப்பு நிற விதை. அதை ஈரமான தேங்காய் நார்த் தூளில் மேலாகத் தூவினால் முளைக்கும். பழைய தொட்டி மண்ணை மட்டும் அதற்குப் போட வேண்டாம். கனகாம்பரத்தின் வேரை நூற்புழு பிடிக்கும். செடி காரணமில்லாமல் குன்றிப்போய், பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். மண்ணோடு சேர்த்துக் கழித்துவிட வேண்டும்.

நந்தியாவட்டையும் உங்கள் இடத்தில் வரும், பூஜைக்கு தினமும் நாலு பூவாவது கொடுக்கும். வெற்றிலைக்கு நேர் வெயிலே வேண்டாம். ஈரக்காற்றும் வெளிச்சமும் போதும், வீட்டுச் சுவரோரம் மல்லி காலி செய்யும் இடத்தில் அதை வைத்துவிடுங்கள். ஆந்தூரியம், பீஸ் லில்லி இரண்டும் அப்படித்தான். செம்பருத்தி, இட்லிப்பூ, துளசி, கறிவேப்பிலை, சங்குப்பூ இவை ஐந்தும் வெயில் குடிகாரர்கள், ஸ்டாண்டில் மல்லிக்குப் பக்கத்தில் இடம் மிச்சமிருந்தால் மட்டும் யோசியுங்கள். ஒன்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் சங்குப்பூ என்பேன். விதை போட்டு இரண்டு மாதத்துக்குள் பூத்துவிடும். அந்த நீலத்தில்தான் பெரானாக்கான் (சீன, மலாய்க் கலப்பு மரபினர்) கடைகளில் அரிசிப் பலகாரங்களுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள்.

இன்னொன்றும் உங்கள் காரிடாருக்குச் சொல்லி வைத்தாற்போல இருக்கும், நிஷாகந்தி. பிரம்மகமலம் என்று நம் ஆட்கள் சொல்வதும், சீனர்கள் கெங் ஹுவா என்பதும் இதைத்தான். தட்டையான இலை மாதிரி இருக்கும் தண்டின் விளிம்பிலிருந்து மொட்டு தொங்கும், இரவில் விரிந்து விடியுமுன் வாடும். இது கள்ளி இனம் என்றாலும் பாலைவனச் செடி இல்லை, காட்டு மரங்களில் தொற்றி வளர்வது. அதனால் நேர் வெயிலில் தண்டு மஞ்சளடித்துவிடும். பழைய காரிடார்களில் இதை வளர்க்கிற சீனப் பாட்டி ஒருவராவது இருப்பார். ஒரு தண்டு கேட்டால் கொடுத்துவிடுவார், ஒரு வாரம் நிழலில் காயவிட்டு மண்ணில் செருகினால் வேர் பிடிக்கும்.

ரோஜாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மலேசியாவின் கேமரன் மலைக் குளிரில் வளர்ந்து இங்கே வரும் தொட்டி ரோஜா, வாங்கி வந்த மொட்டுகள் விரிந்ததோடு சரி. அப்புறம் இலையில் கரும்புள்ளி விழும், இலை கொட்டும், குச்சி நிற்கும். இரவிலும் குளிராத, காற்றே ஈரமான ஊர் இது. நாட்டு ரகமான பன்னீர் ரோஜா ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் அதற்கும் அரை நாள் வெயில் வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு விற்கும் சாமந்தித் தொட்டியையும் வாடியபின் காப்பாற்றப் பாடுபடாதீர்கள். அதைப் பூங்கொத்தாக நினைத்து வாங்குங்கள்.

ஆர்க்கிட்டில் எதை வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பரிசாக வரும் பட்டாம்பூச்சி மாதிரியான பெலனாப்சிஸ், இரண்டு மூன்று மாதம் அழகாக நிற்கும். மறுபடி தண்டு விட அதற்கு இரவுக் குளிர் வேண்டும், நம் காரிடாரில் அது அபூர்வம். நீங்கள் டெண்ட்ரோபியம் வாங்குங்கள். மண்ணில் நடக் கூடாது. ஓட்டைகள் நிறைந்த மண் தொட்டியில் அடுப்புக்கரித் துண்டுகளைப் போட்டு, அதில் செடி ஆடாமல் கட்டி வைக்க வேண்டும். வேருக்குக் காற்று ஓட வேண்டும், காலையில் தண்ணீர், வாரம் ஒருமுறை மிக நீர்த்த உரம். ஸ்டாண்டின் கீழ்த்தட்டு அதற்குப் போதாது, மேல்தட்டில் மல்லியோடு நிறுத்துங்கள். நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமை ஆசைப்பட்டு வாங்குபவர்கள் உண்டு. தஞ்சோங் பகாரில் தம் தோட்டத்தில் ஆக்னஸ் ஜோக்கிம் வளர்த்த கலப்பினம் அது, 1893இல் பதிவானது, 1981இல் தேசிய மலரானது. அது முழு வெயிலில், கொம்பைப் பிடித்து ஏறி, கொம்புக்கு மேலே தலை நீட்டினால்தான் பூக்கும். காரிடாருக்கு ஒத்துவராது.

மண்ணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் பாட்டிங் மிக்ஸில் நாலில் ஒரு பங்கு பெர்லைட்டும் (எடையே இல்லாத வெள்ளைத் துகள்) இன்னொரு பங்கு நன்றாக மட்கிய உரமும் கலந்தால் போதும். கீழே பூங்காவிலிருந்து களிமண் எடுத்து வராதீர்கள், தொட்டிக்குள் அது கல்லாகிவிடும்.

பூச்சியைப் பொறுத்தவரை, காரிடாரின் முதல் எதிரி சிவப்புச் சிலந்திப்பூச்சி. மழை படாத, காற்று மட்டும் வீசுகிற இடம் அதற்குச் சொர்க்கம். இலையின் மேல் ஊசி குத்தின மாதிரி வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும், கீழ் மாடித் துணிகள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மாலையில் தெளிக்க வேண்டும். மல்லி மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்தால் உள்ளே மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே உதிர விடாதீர்கள்.

டெங்கி விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. தொட்டிக்கு அடியில் தட்டே வைக்காமல் இருப்பது உத்தமம். ஒழுகி அடுத்தவர் வாசலுக்குப் போகிறது என்று தட்டு வைத்தால், ஒவ்வொரு நாளும் அதைக் கொட்டித் துடையுங்கள். ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். பலர் கவனிக்காதது தொட்டி மண். மேல் மண் இறுகிப்போனால் தண்ணீர் அதன் மேலேயே தேங்கும், அதிலும் முட்டையிடும். ஒரு பழைய முள்கரண்டியால் கிளறிவிட்டாலே போதும். சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து லார்வாவைக் கண்டுபிடித்தால் அபராதம் உண்டு.

ஸ்டாண்டு போட வழியில்லை, மல்லிதான் வேண்டும் என்றால், தேசிய பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திக்கு விண்ணப்பியுங்கள். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று வருடக் குத்தகை, கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் நடக்கும். இல்லையென்றால் உங்கள் வட்டாரத்தில் சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று குடியிருப்பாளர் குழுவிடம் விசாரியுங்கள். 2005இல் தொடங்கிய திட்டம், இப்போது பெரும்பாலான வட்டாரங்களில் உண்டு. அங்கே கறிவேப்பிலையும் மல்லியும் வைத்திருப்பவர் அநேகமாக நம்மவராகத்தான் இருப்பார்.

அம்மா திரும்பிப் போய்விட்டு அடுத்த முறை ஊரிலிருந்து பிச்சிப்பூப் பதியன் கொண்டு வருகிறேன் என்று சொன்னால், தடுத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து செடி கொண்டு வர இங்கே பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் அங்கே தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருவது சாங்கி விமான நிலையத்தில் மாட்டும். தாம்சன் சாலையிலும் சுங்கை தெங்கா பக்கமும் உள்ள நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். போகும்போது மொட்டோடு இருக்கும் செடியாகப் பார்த்து வாங்குங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.